கண்டெய்னர் அறையை விட்டு வெளியே வா!

இன்னும் எத்தனை நாள் உள்ளேயே கிடக்கப் போகிறாய்?

நவம்பர் மழை ஜன்னலில் அறைகிறது. வெளியே பிரான்ஸின் லு ஆவ்ர் துறைமுக நகரம் நனைகிறது. நீயோ போர்வைக்குள் சுருண்டுகொண்டு, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று பொய் சொல்கிறாய்.

இதற்காகவா வந்தாய்?

பரிமாற்ற மாணவராகப் போக உன் கல்லூரியில் எத்தனை பேர் ஆசைப்பட்டார்கள்? நீ விண்ணப்பித்தாய். தேர்வானாய். மாணவர் விசாவுக்கான கேம்பஸ் பிரான்ஸ் நேர்காணலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய். மாதம் 615 யூரோ செலவுக்குக் கையில் உண்டு என்று வங்கித் தாள்களை அடுக்கிக் காட்டினாய். விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த அன்று தெருவே விசாரித்தது.

அவ்வளவும் செய்த நீ, ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்று நடுங்குகிறாயே!

இல்லை என்று சொல்லாதே. அந்தக் காலைப்பொழுது உனக்கு மறக்குமா?

வரிசை நகர்கிறது. உனக்கு முன்னால் ஒரு பாட்டி. "போன்ஜூர்" என்கிறார். கல்லாவில் நிற்கும் பெண்ணும் "போன்ஜூர்" என்கிறார். நன்றாகச் சிவக்க வெந்த பாகெட் ரொட்டியாகப் பார்த்துக் கேட்டு வாங்குகிறார் பாட்டி. மழையை இரண்டு வார்த்தை திட்டுகிறார். நாள் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு நகர்கிறார்.

உன் முறை. வணக்கம்கூடச் சொல்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குரோசானை நோக்கி விரலை நீட்டுகிறாய். அந்தப் பெண் ஏதோ கேட்கிறார். "எஸ்" என்கிறாய். அவர் கேட்டதோ, ஒன்றா இரண்டா என்று!

பின்னால் யாரோ செருமுகிறார்கள். உனக்குக் காது சுடுகிறது. காசை வைத்துவிட்டு ஓடுகிறாய்.

மறுநாள் முதல் சூப்பர் மார்க்கெட். அங்கே நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரம் இருக்கிறது. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம்!

இயந்திரத்திடம் ரொட்டி வாங்கவா விமானம் ஏறினாய்?

"எனக்கு பிரெஞ்சு சரியா வராது." வராதுதான்! யார் வரும் என்றார்கள்? பேசாத மொழி எவருக்கு வந்திருக்கிறது?

"வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தானே!" இருக்கட்டும். நீ படிக்கும் சியான்ஸ் போ உயர்கல்வி நிறுவனத்தின் லு ஆவ்ர் வளாகம் 2007 முதல் ஆசியாவைப் பற்றி ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறது. ஆனால் டிராம் ஆங்கிலத்தில் ஓடவில்லை. மீன் சந்தை ஆங்கிலத்தில் விற்கவில்லை. வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் காபிக்குப் போய்ச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பும் ஆங்கிலத்தில் இல்லை.

பேசு. தப்பாகவே பேசு!

மேசைக்குப் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால் என்று வைத்திருக்கும் மொழி அது. நீ நிச்சயம் மாற்றிச் சொல்வாய். அவர்கள் நிச்சயம் திருத்துவார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கைவந்த பழக்கம். பேச்சின் நடுவிலேயே நிறுத்தித் திருத்துவார்கள். அதை அவமானம் என்று எண்ணாதே. காசு வாங்காமல் டியூஷன் எடுக்கிறார்கள், எடுத்துக்கொள்!

சரி, அடுத்த புலம்பல் என்ன? மதிப்பெண்!

இருபதுக்கு ஒன்பது. பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிய கைக்கு ஒன்பது! அன்று ராத்திரி சாப்பிடவில்லை. டிக்கெட் விலை பார்த்தாய். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாய்.

ஒன்று தெரிந்துகொள். இங்கே பத்து எடுத்தால் தேர்ச்சி. பன்னிரண்டு என்பது மரியாதையான எண். பதினாறு வாங்கியவரை வகுப்பே திரும்பிப் பார்க்கும். முழு இருபதை அநேகமாக எந்தப் பேராசிரியரும் தருவதில்லை. உன் ஒன்பது, தேர்ச்சியின் வாசற்படியில் நிற்கும் ஒன்பது. மறுதேர்வும் உண்டு. இதற்கா உலகம் இடிந்தது?

இடிந்தவர் ஒருவரைச் சொல்கிறேன், கேள்.

1928-ல் பாரிஸில் ஓர் இளைஞர் தத்துவ ஆசிரியர் பணிக்கான 'அக்ரெகாசியோன்' தேர்வு எழுதினார். பிரான்ஸின் மிகக் கடினமான தேர்வுகளில் அதுவும் ஒன்று. தோற்றார்! படிப்பில் சூரர் என்று எல்லோரும் நம்பியவர், தோற்றார். மூலையில் உட்காரவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி எழுதினார். முதலிடம்!

அவர் பெயர் ழான்-பால் சார்த்தர். 1931-ல் அவர் பாடம் நடத்த வந்த ஊர் எது தெரியுமா? நீ இப்போது போர்வைக்குள் கிடக்கிறாயே, இதே லு ஆவ்ர்!

அவருக்கு மட்டும் இந்த ஊர் இனித்ததா? பாரிஸின் கூட்டத்திலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தவருக்குச் சலித்தது. தனிமை தின்றது. அந்தச் சலிப்பை உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. திருத்தினார். மீண்டும் கொடுத்தார். 1938-ல் 'குமட்டல்' நாவலாக வெளிவந்தது. அதில் வரும் கற்பனைத் துறைமுக ஊருக்கு மாதிரி இந்த நகரம்தான்.

அவருக்குச் சலித்தது, நாவல் எழுதினார். உனக்குச் சலித்தது, நீ என்ன செய்தாய்? ரீல்ஸ் தள்ளினாய்!

"இந்த ஊரே சாம்பல் கலர்ல இருக்கு, பார்த்தாலே மனசு சோர்ந்து போகுது." இதையும் சொல்கிறாய். சரி, அந்தச் சாம்பல் நிறம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டாயா?

1944 செப்டம்பர். ஜெர்மானியர் பிடியில் இருந்த இந்த நகரத்தின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தன. மீட்க வந்தவர்கள் போட்ட குண்டு! நகரின் நடுப்பகுதி தரைமட்டம். சுமார் 80,000 பேருக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை.

திரும்பக் கட்ட யாரை அழைத்தார்கள்? ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞரை. வயது எழுபதைத் தாண்டியிருந்தது! இந்த வயதில் எனக்கு ஏன் என்றாரா? இடிபாடுகளையே நொறுக்கிக் கான்கிரீட்டில் கலந்தார்கள். வீடு வீடாக, தெருத் தெருவாக எழுப்பினார்கள். பெரே 1954-ல் கண்ணை மூடினார். அவர் வரைந்த புனித யோசேப்பு தேவாலயம் 1957-ல்தான் முடிந்தது. தன் கண்ணால் அதை அவர் முழுதாகப் பார்க்கவேயில்லை.

நீ பார்த்தாயா? டிராமில் போனால் சில நிமிடம். 107 மீட்டர் கோபுரம். உள்ளே போய் அண்ணாந்து பார். 12,768 வண்ணக் கண்ணாடித் துண்டுகள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. வெளியே வெறும் கான்கிரீட். வெயில் வந்த நாளில் உள்ளே தூணெல்லாம் ஆரஞ்சும் பச்சையும் ஊதாவுமாக மாறும்.

இந்த நகரத்தை அசிங்கம் என்று பிரெஞ்சுக்காரர்களே பல ஆண்டு பழித்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களம் என்று அறிவித்தது. பழித்த வாய்களுக்குப் பயந்து இந்த ஊர் தன் கான்கிரீட்டுக்கு வேறு சாயம் பூசிக்கொள்ளவில்லை!

நீ மட்டும் உன் உச்சரிப்பைக் கேட்டு யாரோ சிரித்தார்கள் என்று வாயைப் பூட்டிக்கொண்டாய்.

டிசம்பர் வந்தால் இன்னும் மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணியை ஒட்டித்தான் சூரியன் எழும். மாலை ஐந்தை ஒட்டி மறைந்துவிடும். வெளிச்சம் வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் செமஸ்டரே முடிந்துவிடும். இருட்டிலேயே கிளம்பு! நல்ல மழைக்கோட்டு வாங்கு. இந்தக் கடற்காற்றில் குடை நிற்காது.

பணமா பிரச்சினை? வீட்டு வாடகைக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லையா? 'விசால்' என்ற திட்டம் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் ஜாமீன் தருகிறது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலையும் செய்யலாம். தேடு, விண்ணப்பி, அலை. முனகிக்கொண்டிருந்தால் யூரோ வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை ஆனால் ரயில் ஏறுகிறாய். இரண்டு மணி நேரத்தில் பாரிஸ். லா ஷப்பல் தெருக்களில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்ததும் கண் பனிக்கிறது. தோசை, கொத்து ரொட்டி, கறிவேப்பிலைக் கட்டு. போ! வயிறு நிறையச் சாப்பிடு. அங்கே கடை வைத்திருக்கும் அண்ணன்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடு. ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் பலர். உன்னைப் போல் உதவித்தொகைக் கடிதத்தோடு வந்து இறங்கியவர்கள் அல்ல. பாத்திரம் கழுவிய கையோடு பிரெஞ்சு படித்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்கள் முன்னால் நின்று, எனக்கு மொழி வராது என்று சொல்ல உனக்கு வாய் வருமா?

வாராவாரம் அங்கே ஓடி ஒளிவதை மட்டும் நிறுத்து.

லு ஆவ்ரில் பழைய சரக்குக் கண்டெய்னர்களை அடுக்கி, 100 அறைகளோடு மாணவர் விடுதி கட்டியிருக்கிறார்கள். 2010 முதல் இருக்கிறது. உனக்கு அறை கிடைத்திருப்பதும் அங்கேதான். பிரான்ஸின் மிகப் பெரிய கண்டெய்னர் துறைமுகம் இது. இங்கே வந்து இறங்கும் எந்தப் பெட்டியும் பூட்டியபடியே கிடப்பதில்லை. நீ மட்டும்தான் பூட்டிக்கொண்டு கிடக்கிறாய்!

எழுந்திரு. நாளை எட்டு மணிக்குச் சிறு குழு வகுப்பு. முப்பது பேர் இருந்தால் அதிகம். ஒளிய இடம் கிடையாது. 'எக்ஸ்போசே' என்ற வாய்மொழி உரை கொடுக்க யார் தயார் என்று ஆசிரியர் கேட்பார். எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். பிரெஞ்சு மாணவர்களும்தான்! அவர்களுக்கும் பயம் உண்டு, நீதான் கவனிக்கவில்லை.

உன் உரையை இரண்டு பாகமாகப் பிரி. முதல் பாகத்தில் ஒரு வாதம், இரண்டாவதில் அதற்கு மறுப்பு. இங்கே அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். எழுதி வைத்ததை இன்றிரவே கண்ணாடி முன்னால் நின்று உரக்கப் படி. பக்கத்து அறைக்குக் கேட்கட்டும்!

முதல் வாக்கியம் தடுமாறும். இரண்டாவதில் பாலினம் தப்பும். யாராவது திருத்துவார்கள். "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு மூன்றாவது வாக்கியத்துக்குப் போ.

ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கு!