குலைத்தவர் யார்?



ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குச் செல்கிறீர்கள். பல ஆண்டுகளாக நீங்கள் அமர்ந்துவரும் வாங்கின் அதே மூலையில் வேறொருவர் இருக்கிறார். வேறு இடங்கள் இல்லாமலில்லை. ஆயினும் மனம் ஒரு கணம் சுருங்குகிறதல்லவா? அன்றைய வழிபாட்டில் ஏதோ குறைந்ததுபோல் தோன்றுகிறதல்லவா? இதை நாம் ‘பழக்கம்’ என்று சொல்லிச் சிரித்துவிடுகிறோம். ஆனால் அயல்வீட்டுப் பிள்ளை ஒன்று, தன் நீலக் கோப்பையில் அல்லாமல் வேறொன்றில் தேநீர் வந்ததற்காக அலறி அழுதால், பிடிவாதம் என்கிறோம். வளர்ப்புச் சரியில்லை என்கிறோம். நம்முடையது பழக்கம், மற்றவனுடையது பிடிவாதம்! இந்த நியாயம் எங்கிருந்து வந்தது?

1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கன்னர், 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டிசம் என்று இன்று நாம் அறியும் நிலையை விளக்கிய முன்னோடிக் கட்டுரைகளுள் அது ஒன்று. அப்பிள்ளைகளிடம் அவர் சிறப்பாகக் கண்ட இயல்புகள் இரண்டு. ஒன்று, தனிமையை நாடுதல். மற்றையது, சுற்றியுள்ள யாவும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற தவிப்பு. பிள்ளை வளர்ந்து பெரியவனானதும் இத்தவிப்பு மறைந்துவிடுவதில்லை. ஒலியும் ஒளியும் மனித முகங்களும் ஒரே வேளையில் வந்து மோதும்போது, நாளாந்த ஒழுங்கே அவனுக்குப் பற்றிக்கொள்ளும் கைப்பிடியாகிறது.

இத்தகைய மனிதர்களின் ஒழுங்கு குலைவதைக் கதைப்பொருளாகக் கொண்ட நாவல்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பல வந்துள்ளன. இவற்றை வாசிப்போர் பெரும்பாலும், ‘அவன் மாறுவானா?’ என்றே கேட்கிறார்கள். வேறொரு கேள்வியைக் கேட்கும்படி உங்களை அழைக்கிறேன்: குலைத்தவர் யார்? எந்த உரிமையோடு குலைத்தார்?

அறநெறியியலில் ஒரு பழைய பாடம் உண்டு. ஒரு செயலை நிறுக்கும்போது செயலை மட்டும் பார்த்தால் போதாது. நோக்கத்தையும் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்தத் தராசிலே மூன்று நாவல்களை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஆங்கில எழுத்தாளர் மார்க் ஹடன் 2003இல் வெளியிட்டது. இரவுவேளையில் ஒரு நாய்க்கு நேர்ந்த விநோத சம்பவம் என்று பொருள்படும் தலைப்பை உடையது. கதாநாயகன் கிறிஸ்தோபர் பதினைந்து வயதுச் சிறுவன். ஆசிரியர் அவனுக்கு எந்த நோய்ப் பெயரும் சூட்டவில்லை, வாசகர்தாம் இனங்கண்டுகொள்கிறார்கள். பொய் சொல்ல அவனால் இயலாது. அயல்வீட்டு நாயைக் கொன்றவர் யார் என்று தேடப் புறப்படுகிறான். கொன்றவர் அவனுடைய தந்தையே! இறந்துவிட்டாள் என்று தந்தை சொல்லியிருந்த தாயோ இலண்டனில் உயிரோடு இருக்கிறாள். தெருமுனைக் கடைக்கு அப்பால் தனியே சென்றறியாத பிள்ளை, சுவிண்டன் நகரிலிருந்து புகையிரதமேறி இலண்டனுக்குப் போகிறான். அவனுடைய உலகைக் கவிழ்த்தது எது? அவனுடைய குறைபாடா? இல்லை, குறைபாடற்றவர்கள் என்று எண்ணப்படுவோர் சொன்ன பொய். தந்தைக்கு மகன்மீது பாசம் இல்லாமலில்லை. ஆனால் பாசம் பொய்யை நியாயமாக்கிவிடாது.

இரண்டாவது, அமெரிக்கரான எலிசபெத் மூன் எழுதிய ‘த ஸ்பீட் ஒஃப் டார்க்’, அதாவது இருளின் வேகம். 2003ஆம் ஆண்டுக்குரிய நெபியூலா விருதைப் பெற்ற நூல். ஓட்டிச நிலையிலுள்ள ஒரு மகனை வளர்த்த தாய் அவர். கதாநாயகர் லூ ஒரு மருந்துக் கம்பனியிலே, சிக்கலான தரவுகளில் ஒழுங்குகளைக் கண்டறியும் வேலை செய்கிறார். வாட்பயிற்சிக்கு ஒரு நாள், துணி துவைக்க ஒரு நாள், ஞாயிறு என்றால் ஆலயம் என அவருடைய வாரம் ஓடுகிறது. கம்பனிக்கு அவரும் அவர் போன்ற தோழர்களும் இலாபம் ஈட்டிக்கொடுக்கிறார்கள். ஆனால் புதிதாய் வந்த மேலதிகாரிக்கு, அவர்களுக்கென ஒதுக்கிய சிறு வசதிகள் வீண்செலவாகத் தோன்றுகின்றன. மூளையை மாற்றும் பரீட்சார்த்தச் சிகிச்சைக்கு உடன்படுங்கள், இல்லையேல் வேலை இல்லை என்று நெருக்குகிறார். இது அதிகாரம் செய்யும் குலைப்பு. நன்மை என்ற பெயரைச் சூடி வந்தாலும், பயமுறுத்திப் பெறும் சம்மதம் சம்மதமே அல்ல.

இக்கதையில் லூ ஆலயத்தில் கேட்கும் மறையுரை, குளத்தருகே நெடுங்காலம் படுத்துக்கிடந்த நோயாளியைப் பற்றியது. அவனை எழுப்புமுன், சுகம்பெற அவனுக்கு விருப்பமா என்று நம் ஆண்டவர் கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டாரானால், நாம் கேளாமல் இருக்கலாமா?

பின்னர் அந்த மேலதிகாரி பதவி இழக்கிறார், நெருக்குதல் நீங்குகிறது. அதன் பிறகும் லூ சிகிச்சையைத் தாமாகவே தெரிகிறார். அவருடைய சிறுவயதுக் கனவாகிய விண்வெளிப் பயணம் கைகூடுகிறது. ஆனால் தாம் நேசித்த மார்ஜரி என்ற பெண்மீது அவருக்கு இருந்த அன்பு போய்விடுகிறது. நேசித்தது நினைவில் உண்டு, நேசம் இல்லை. நாளை தான் ஆகப்போகும் வேறொரு மனிதனுக்காக இன்றைய மனிதன் தீர்மானிக்கலாமா? ஆசிரியர் விடை சொல்லவில்லை. நானும் எளிதான விடை காணவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: அந்தத் தீர்மானம் லூவினுடையது, மேலதிகாரியினுடையது அல்ல.

மூன்றாவது, அவுஸ்திரேலியரான கிரஹாம் சிம்சியன் 2013இல் வெளியிட்ட ‘த ரோசி புரொஜெக்ற்’. டொன் மெல்பேர்ணில் மரபியல் பேராசிரியர். ஓட்டிசத்தின் ஒரு வகையைப் பற்றி விரிவுரை நிகழ்த்துகிறார். அது தம்மையே குறிக்கக்கூடும் என்று உணர்கிறாரில்லை! ஏழு நாட்களுக்கு ஏழு உணவுகள். செவ்வாய் என்றால் சிங்கி இறால். இத்தகைய வாழ்வில் ரோசி நுழைகிறாள். அவள் அவரைத் திருத்த வந்தவளல்ல. தன்னைப் பெற்ற தந்தை யார் என்று தேடி வந்தவள். உதவ முன்வந்து, தம் அட்டவணையைத் தாமே கைவிடுகிறவர் டொன். உள்ளிருந்து திறந்த கதவு அது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. இது சிரிப்பும் சுபமுமாய் முடியும் கதை. அன்பு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பி, மாறாத பிள்ளையைப் பெற்ற தாயிடம் ‘உன் அன்பு போதவில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். அது கொடுமை.

அப்படியானால் இவர்களுடைய ஒழுங்கில் ஒருபோதும் கைவைக்கக் கூடாதா? அப்படியன்று. மரணம் வரும், வீடு மாறும், பஸ் தவறும். வாழ்க்கை யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. சில மாற்றங்கள் அவர்களுடைய நன்மைக்கே தேவைப்படும். ஆனால் மாற்றுமுன் உண்மையைச் சொன்னோமா? அவர்களுக்கு விளங்கும் வகையில் விருப்பத்தைக் கேட்டோமா? மாற்றம் அவர்களுடைய நன்மைக்கா, நம்முடைய வசதிக்கா? நம் மனச்சாட்சி பதில் சொல்லவேண்டிய கேள்விகள் இவை.

அடுத்த முறை அயல்வீட்டுப் பிள்ளை அழும் குரல் கேட்டால், அதன் பிடிவாதத்தைக் குறைகூறுமுன், அந்த நீலக் கோப்பையை எடுத்து மாற்றியவர் யார் என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். முடிந்தால், அந்தத் தாய்க்குக் கோப்பையைத் தேடிக்கொடுங்கள்.