அறத்துக்குச் சட்டம் பகையா?

தனக்குத் துன்பம் என்று அறிந்ததைப் பிறர்க்குச் செய்யாதே! மனித இனம் கண்டெடுத்த அறங்களுள் இதுவே தலையாயது. வள்ளுவர் இதனை இன்னா செய்யாமை அதிகாரத்தில் வைத்தார். சீனத்துக் கன்பூசியஸ் சொன்னார், ஏசுவும் சொன்னார். மோட்சத்தையும் மறுபிறப்பையும் துணைக்கு அழைக்காமலே நிற்கவல்ல அறம் அது. ஆகவே பகுத்தறிவாளராகிய நமக்கும் அது உடன்பாடே.

இந்த அறத்தையே கேடயமாக ஏந்திச் சிலர் ஒரு வாதம் புரிகின்றனர். "மனிதன் தானே உணர்ந்து மற்றவனை நடத்துவதுதான் அறம். இடையில் அரசு புகுந்து ஆணையிட்டால் அன்பு வெளியேறி அச்சம் குடியேறும். தன்னைப் பிறர் வற்புறுத்துவதை எவனும் விரும்பான். அப்படியிருக்கப் பிறரைச் சட்டத்தால் வற்புறுத்துவது அந்த அறத்துக்கே மாறல்லவா?" என்கின்றனர். கேட்க இனிக்கும் வாதந்தான், எடைபோட்டுப் பார்ப்போம்.

துணிக்கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கல்லாவில் முதலாளி அமர்ந்திருக்கிறார். புடவை வாங்க வந்தவருக்கு இருக்கை உண்டு. புடவையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கோ, காலையில் கடை திறந்தது முதல் இரவில் சாத்தும் வரை கால்களே கதி! கூட்டம் இல்லாத வேளையிலும் அவள் உட்காரலாகாது. பல கடைகளில் இதுவே நெடுங்கால நடைமுறை.

அந்த முதலாளி அறம் அறியாதவரா? கடைச் சுவரிலே குறளைக் கூட எழுதி மாட்டியிருப்பார்! நாளெல்லாம் நில் என்று தம்மை ஒருவர் பணித்தால் பொறுப்பாரா? மாட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் எழுவதில்லை; எழுந்தாக வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அவளுடைய இடத்தில் தாம் நிற்க நேரும் என்று அவர் கனவிலும் கருதமாட்டார். ஒருவன் மேட்டிலும் ஒருத்தி பள்ளத்திலும் இருக்கும் வரையில், அறம் மேட்டிலிருப்பவன் மனம் வைத்தால் போடும் பிச்சையாகிவிடுகிறது. உரிமையாக வேண்டியது பிச்சையாவதா?

நல்ல மனம் கொண்ட வணிகரும் உண்டு. அவருக்கும் ஓர் அச்சம்: "நம் கடையில் மட்டும் பணியாளர் உட்கார்ந்திருந்தால், வருகிறவர் என்ன நினைப்பாரோ?" எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரு சட்டம் வந்தால் அந்த அச்சம் அகலும். நல்லவர் நல்லவராக நடக்கச் சட்டம் துணை செய்கிறது.

நின்று உழைக்கும் தொழிலாளிக்கு இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 44ஆம் பிரிவில் சொல்லிற்று. கடைப் பணியாளருக்கோ அந்த உரிமை கிட்டவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் பெண் தொழிலாளர் திரண்டு போராடினர். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றது. 1948க்கும் 2021க்கும் இடையே 73 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் முதலாளிகளின் மனச்சான்றுக்கு எவரேனும் பூட்டுப் போட்டிருந்தார்களா? தாமாக முன்வந்து ஒரு முக்காலி போட எந்தச் சட்டம் தடுத்தது?

அப்படியானால் அரசு இடும் ஆணையெல்லாம் அறமாகிவிடுமா? ஆகாது. 1871இல் ஆங்கில ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் அது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரில், கைரேகை பதிய மறுத்த மக்கள் மீது குண்டுகள் பாய்ந்தன. அச்சட்டத்தை இயற்றியவர்கள் தம் பிள்ளைகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிய ஒப்புவார்களா? ஒருகாலும் ஒப்பார். அங்கேதான் அது அறத்தின் முன் தோற்றது.

ஆக, உரைகல் ஒன்றே. தனி மனிதனின் செயலை உரைத்துப் பார்க்கும் அதே கல்லில் அரசின் சட்டத்தையும் உரைத்துப் பார்ப்போம். இச்சட்டத்தின் கீழ் மிக எளியவராக வாழ நேர்ந்தால், இதனை நாம் ஏற்போமா? ஏற்போம் எனில் அது அறத்தின் கருவி. மாட்டோம் எனில் அது அடக்குமுறை; எதிர்ப்பது நம் கடன்.

இருக்கைச் சட்டத்தால் முதலாளி இழப்பது என்ன? பிறரை வாட்டும் உரிமை ஒன்றுதான். அப்படி ஓர் உரிமை அவருக்கு என்றுமே இருந்ததில்லை. சட்டத்துக்கு அஞ்சி இருக்கை போட்டவர் அறவோர் ஆகிவிட மாட்டார் என்பது மெய்யே. ஆனால் வீங்கிய கால்கள், இந்த நாற்காலி அன்பால் வந்ததா, ஆணையால் வந்ததா என்று கேட்பதில்லை. முதலாளியின் உள்ளம் தூய்மை பெறும் வரை அவள் நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்பது எந்த அறம்?

இளைஞர்களே! ஏட்டில் ஏறிய சட்டம் தானாகக் கடைக்குள் நடந்து வராது. அடுத்த முறை துணி எடுக்கச் செல்லும்போது, விலையைக் கேட்குமுன் ஒன்று கேளுங்கள்: "இந்த அம்மாவுக்கு நாற்காலி எங்கே?"