கல்லும் காகிதமும் கிணறும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளைகளில் சிறுவர் இருவர் எதிரெதிரே நின்று, முஷ்டியை அசைத்து, ஒரே க்ஷணத்தில் கல்லாகவோ காகிதமாகவோ கத்தரிக்கோலாகவோ கையை நீட்டுகிற விளையாட்டைக் காணும்பொழுதெல்லாம், சர்வ வல்லமை என்று நாம் எதைக் கருதுகிறோம் என்ற விசாரம் என் மனத்தில் எழுகிறது. கல் கத்தரியை மழுக்குகிறது. கத்தரி காகிதத்தை வெட்டுகிறது. காகிதமோ கல்லைப் போர்த்தி அடக்கிவிடுகிறது. ஜயிக்கிற எதுவும் தோற்காமல் தப்புவதில்லை.

பிரெஞ்சுக் குழந்தைகள் இதில் நான்காவதாகக் கிணறு ஒன்றைச் சேர்ப்பதுண்டு. விரல்களை வளைத்துக் கட்டைவிரலோடு கூட்டி வட்டமாக்கினால் அது கிணறு. கல்லும் கத்தரியும் அதில் விழுந்து மூழ்கும். காகிதம் மாத்திரம் அதன் வாயை மூடிவிடும். ஊன்றி நோக்கினால், கல்லால் வெல்லக்கூடிய கத்தரியைக் கிணறும் வெல்லுகிறது, கல்லையும் வெல்லுகிறது; ஆகவே விவேகமுள்ளவன் எவனும் அதன்பின் கல்லை நீட்டமாட்டான்; எஞ்சிய மூன்றும் பழையபடி ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். பெரியதொரு சக்தியைக் கொண்டுவந்தும் வட்டம் உடையவில்லை. எர்மான்ஸ் எடான் என்ற பெண்மணி 1909இல் உரிமம் பெற்ற 'லத்தாக்' என்னும் பழைய பிரெஞ்சுப் பலகை ஆட்டத்திலும், படிப்படியாக உயரும் பதவி வரிசையின் உச்சியிலிருக்கும் சேனாதிபதியை அற்பனான ஒற்றன் தாக்கி வீழ்த்திவிடுகிறான்.

பஞ்சதந்திரத்து முனிவர், எலிக்குஞ்சைப் பெண்ணாக்கி வளர்த்து, எல்லோரிலும் வல்லவனுக்கே அவளைக் கொடுக்க எண்ணியபோது, சூரியன் மேகத்தையும், மேகம் காற்றையும், காற்று மலையையும், மலை தன்னைக் குடையும் எலியையும் தன்னினும் வலியோராகக் காட்டின. பதினேழாம் நூற்றாண்டில் இக்கதையைப் பிரெஞ்சுக் கவிதையாக்கிய லா போந்தேன், எலியோடு ஏன் நிற்கவேண்டும், அதனினும் பூனையும் பூனையினும் நாயும் வலியவையாயிற்றே, இப்படியே போனால் மறுபடியும் சூரியனிடமே வந்து சேரலாமே என்று ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபம் எனக்கு முற்றிலும் நியாயமாகப் படுகிறது. நம் தர்க்க சாஸ்திரிகளும் இத்தகைய சுழற்சியைச் சக்ரகம் என்ற தோஷமாகவே எண்ணினர்.

ஆகையால் ஈசுவரனை இவ்வரிசையில் ஆக வல்ல காயாக வைப்பது, அவனையும் ஒரு கிணறாக்குவதேயாகும். கேனோபநிஷதத்தில் அக்கினியால் ஒரு துரும்பை எரிக்க முடியவில்லை, வாயுவால் அதை அசைக்க முடியவில்லை. அங்கே அவர்களை வென்றது துரும்பின் பலமன்று, அதை அவர்கள்முன் வைத்த பிரம்மத்தின் பலம். சிறுவரின் ஆட்டத்திலும் அப்படியே: கல்லாய் மூடியதும், காகிதமாய் விரிந்ததும், கத்தரியாய்ப் பிளந்ததும் ஒரே கைதான். காகிதம் வெட்டுண்டபோதும் கைக்கு ஹானியில்லை. எல்லாம் ஒன்றே என்னும் வேதாந்தி இவ்விடத்தில் மகிழ்வான்.

சைவ சித்தாந்தி விடமாட்டான். ஆட்டத்துக்கு இரண்டு கைகள் வேண்டுமே, எதிரே நீண்ட கை யாருடையது என்று கேட்பான். ஒருவனே தன் வலக்கையால் இடக்கையோடு ஆடலாம். ஆனால் அங்கே ஜயமுமில்லை, அபஜயமுமில்லை. தோல்வியின் துக்கம் ஒருவனுக்கும் வெற்றியின் மகிழ்ச்சி வேறொருவனுக்குமாகப் பிரிந்து நிற்கும்வரையில், நான் சித்தாந்தியின் பக்கமே சாய்கிறேன்.