பெரியோர் சொல்லும் பிள்ளையின் கடமையும்

சிவாலயத்தை வலம் வரும் அடியார்கள், கோமுகைக்கு அருகே தெற்கு நோக்கி அமர்ந்திருக்கும் சண்டேசுவரர் முன்னே மெல்லக் கைதட்டி வணங்கிச் செல்வது வழக்கம். அவர் எதனால் அந்த இடத்தைப் பெற்றார் என்று நினைப்போர் குறைவு. தந்தையின் காலை வெட்டிய மகன் அவர். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று சிறாருக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே சைவம், அவரை நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றுகின்றது. இது முரண் அல்லவா?

சேக்கிழார் பெருமான் கூறும் வரலாற்றை நிதானமாகப் பார்த்தல் வேண்டும். சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர், பசுவை அடித்த இடையனைக் கண்டு மனம் பொறாமல் தாமே மேய்ப்பராகிறார். மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலால் திருமஞ்சனம் செய்கிறார். ஊரார் முறையிட, தந்தை எச்சதத்தன் குராமரத்தில் மறைந்திருந்து பார்த்துவிட்டு, ஓடிவந்து மகனின் முதுகில் கோலால் அடிக்கிறான். மகன் வழிபாட்டிலிருந்து அசையவில்லை. தந்தை பாற்குடத்தைக் காலால் இடறியபோதுதான் அருகே கிடந்த கோலை எடுக்கிறார்; அது மழுவாகிறது. தம்மேல் விழுந்த அடியைப் பொறுத்தவர், இறைவனுக்குரியது சிதைந்தபோது பொறுக்கவில்லை. மழுவை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அவர் எதுவரை பொறுத்தார் என்பதையே.

இராமாயணத்திலும் இவ்வாறே. கைகேயி பெற்ற வரங்கள் இரண்டு. பதினான்கு ஆண்டு வனவாசத்தை இராமன் ஏற்றான். அரசை ஏற்கப் பரதன் மறுத்தான். ஒருவன் பெற்றோர் சொல்லைக் கேட்டதற்காகவும், மற்றவன் கேளாததற்காகவும் போற்றப்படுகின்றனர். இராமன் இழந்தது தனக்குரியதை. பரதனுக்குக் கொடுக்கப்பட்டதோ அண்ணனுக்குரியது. பிறருக்குரியதைப் பறிக்கச் சொல்லும் சொல், தாயின் சொல்லே ஆயினும் பிள்ளையைக் கட்டாது.

எனில், தனக்கு வரும் இழப்பு எதையும் பிள்ளை ஏற்றே தீர வேண்டுமா? இராமன் விவரம் அறிந்த வயதில், முழு மனத்தோடு ஏற்றான். எதை இழக்கிறோம் என்று அறியாத சிறுவனையோ சிறுமியையோ அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இது கலகெதர போன்ற மலையகப் பகுதிகளில் ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குச் சட்டமோ, அதிகாரியோ துணை நிற்காத காலத்தில் குடும்பத்தின் மூத்தவர் சொல்லே காவலாக இருந்தது. லயத்து வாழ்க்கையில் சண்டையைத் தீர்த்ததும், சாவு வீட்டுக்கு ஆள் சேர்த்ததும், திருவிழாவுக்கு வரி தண்டியதும் அந்தச் சொல்தான். அதனை இன்று ஏளனமாகப் பேசுவோர் தாம் நடந்துவந்த பாதையை அறியாதவர்கள்.

ஆயினும் அதே சொல், வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதும் உண்டு. வீட்டுக் கடனுக்காகப் பிள்ளையைப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பியதும் உண்டு. 2021 யூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த டயகமச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் 16 வயதில் உயிரிழந்தாள். அந்தத் துயரை ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது தகாது. ஆனால் பெரியோர் "போ" என்றால் ஏன் என்று கேளாமல் போவதே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று பழக்கியது யார்?

இலங்கைச் சட்டம் இன்று சில எல்லைகளைப் போட்டிருக்கிறது. பொது விவாகச் சட்டத்தில் திருமண வயது 1995இல் 18 ஆனது. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்னும் விதி 2016இல் வந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக உயர்ந்தது. பெரியோரின் ஆணை இவற்றைத் தாண்ட முடியாது.

மறுக்கும் முறை ஒன்றும் உண்டு. எதிர்த்து நின்று கத்துவது அன்று. தாய்மாமனிடமோ, பெரியப்பாவிடமோ, படிப்பித்த ஆசிரியரிடமோ சொல்லி, அவர்கள் வாயால் பேசுவிப்பது மலையகக் குடும்பங்களுக்குப் பழக்கமான வழிதான். பிரகலாதன் இரணியனின் ஒரு கட்டளைக்கு மட்டுமே பணியவில்லை. நரசிங்கப் பெருமான் வரம் கேள் என்றபோது, தன்னை நெருப்பிலும் நஞ்சிலும் வதைத்த தந்தையின் பாவம் நீங்க வேண்டும் என்றே கேட்டான். எச்சதத்தனும் பிழை நீங்கிச் சுற்றத்தாரோடு சிவலோகம் சேர்ந்ததாகவே பெரியபுராணம் கூறுகின்றது.