மூன்றாவது கட்டம்

பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவதற்கென்று இப்போதெல்லாம் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அதில் மூன்று கட்டங்கள்: அப்பா, அம்மா, மற்றவர். ஒவ்வொன்றிலும் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று ஒட்ட வேண்டும். கீழே பெயர், கைப்பேசி எண், பிள்ளைக்கு என்ன உறவு என்று எழுத இடம். படத்தில் இருக்கும் முகம் வாசலில் நிற்காவிட்டால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணின் மகளுக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. அப்பாவின் கட்டம் காலி. அவர் இறந்தபோது பிள்ளை நடக்கவே ஆரம்பிக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் இருந்தது என் படம். மாலை நான்கு மணிக்கு நான் ஸ்கூட்டியில் போய்ப் பிள்ளையை அழைத்து வருவேன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து அவள் மூலக்குளம் வந்து சேர ஆறரை ஆகும். அதுவரை பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கும்.

போன ஆடி மாதம் அந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். என் படத்தை உரித்துவிட்டு வேறொருவர் படத்தை ஒட்டியிருந்தாள். உறவு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அது யார் என்று எனக்குத் தெரியும். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு வந்திருந்தவர். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, எலெக்ட்ரீஷியன் வேலை. அவரிடம் அவள் இன்னும் சம்மதம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

“மொதல்ல இத பண்ணட்டும்க்கா. மழையோ வெயிலோ நாலு மணிக்கு கேட்டாண்ட நிக்கிறாரான்னு பாக்கறேன். அப்புறம் சொல்றேன்” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “உங்க முட்டி நல்லா இருந்திருந்தா இந்தப் பேச்சயே நான் எடுத்திருக்க மாட்டேன்” என்றாள்.

என் முட்டி அப்போது வண்டி ஓட்ட முடியாத நிலையில் இருந்தது. டாக்டர் படியேறக்கூட வேண்டாம் என்றிருந்தார். அவள் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. பிரியமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுப்பது கீழ்வீட்டுக்காரியின் முட்டியைப் பொறுத்ததா?

இதற்கு முன்பும் அவளைக் கேட்டு ஒருவர் வந்தார். அரசு வேலை, ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு, மரியாதையான பேச்சு. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, “பாப்பா கொஞ்ச நாள் பாட்டி வீட்ல இருந்து படிக்கட்டுமே” என்றார். அவள் அன்று இரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் உறவினர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்த ‘வேண்டாம்’ சொல்லப்பட்டபோது என் முட்டி நன்றாக இருந்தது என்பதை இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். மறுநாள் நான்கு மணிக்குப் பிள்ளையை அழைத்து வர ஆள் இருந்ததால் அவளால் மறுக்க முடிந்தது. இரண்டாமவரும் அதே நாட்களில் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

வில்லியனூரில் என் சின்ன அத்தைக்கு ஆதரவுக்குக் குறைவே இருந்ததில்லை. இரண்டு பையன்களோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர் அவர். நான்கு அண்ணன் தம்பிகள். பையன்களின் படிப்பு, துணிமணி, காதுகுத்து எதற்கும் அவர் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. திருக்காமீஸ்வரர் கோயில் தேருக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்திருந்த ஒரு வைகாசியில், மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர் அத்தையைக் கேட்டு ஆள் அனுப்பினார். ஆயா வாசலிலேயே பதில் சொல்லிவிட்டார்: “அவளுக்கென்ன, நாலு ஆம்பளைங்க இருக்கானுங்க.” உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தைக்கு அது காதில் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வாத்தியாரை அவருக்குப் பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது, யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆயா கொடுமைக்காரி அல்ல. மகளுக்குச் சோறும் கூரையும் கொடுத்துவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் தேவைப்படாது என்று மனதார நம்பியவர்.

ஆகவே ஆதரவு இருந்தால் பெண் சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பாள் என்று சொல்லிவிட்டு எழுந்து போக என்னால் முடியவில்லை. ஆதரவு தருகிறவர்கள் அவளுக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தவருக்கு வாய் திறக்க இடமில்லை. நான்கு மணிக்கு ஆள் இல்லாதவள்தான் தானே முடிவெடுக்கிறாள்.

பாரதியின் ‘சந்திரிகையின் கதை’யை எப்போதோ படித்தது. அவர் முடிக்காமல் விட்டுப்போன நாவல். பூகம்ப இரவில் பிள்ளை பெற்று, அந்தப் பச்சைக் குழந்தையை நாத்தனார் விசாலாட்சியின் கையில் கொடுத்துவிட்டுச் சாகிறாள் கோமதி. இளம் விதவையான விசாலாட்சியிடம் அவள் கேட்டுக்கொள்வது, நீ மறுமணம் செய்துகொள் என்பதைத்தான். அந்தக் குழந்தையோடு விசாலாட்சி சென்னைக்குப் போகிறாள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் அந்த நாவலில் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். இருவரும் சும்மா வருகிறவர்கள் அல்ல. வீரேசலிங்கம் 1881-இல் ராஜமுந்திரியில் முதல் விதவை மறுமணத்தை நடத்திவைத்தவர். சிறு வயதிலேயே கணவனை இழந்த தன் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்து, சொந்தபந்தங்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர் சுப்பிரமணிய ஐயர். கதையின் பிற்பகுதி எனக்கு மங்கலாகத்தான் இருக்கிறது. விசாலாட்சி கையில் குழந்தையோடு துணை தேடிப் போனாள் என்பது மட்டும் மறக்கவில்லை. அன்றைய சீர்திருத்தப் பேச்செல்லாம் பெரும்பாலும் பால்ய விதவைகளைப் பற்றியது. பிள்ளையோடு நிற்கும் பெண்ணைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பாரதிக்கு அவளைப் பற்றி யோசிக்கத் தோன்றியிருக்கிறது.

சட்டம் அவளைப் பற்றி யோசிக்காமல் இல்லை, பயந்துகொண்டு யோசித்தது. 1856-இன் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கிய கையோடு இறந்த கணவனின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு வேறு பாதுகாவலரை நியமிக்கும்படி கணவன் வீட்டார் நீதிமன்றம் போகவும் வழி வைத்தது. 1983-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த சிவில் சட்டம் வேறு மாதிரி. அது எல்லோருக்கும் பொருந்தியதில்லை. 1881-இன் ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைக் கைவிட்ட ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்குப் பொருந்தியது. 1804-இல் எழுதப்பட்ட அதன் 395, 396-ஆம் பிரிவுகளின்படி, பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக இருக்கும் தாய் மறுமணம் செய்ய விரும்பினால், திருமணத்துக்கு முன்பே குடும்பச் சபையைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பிள்ளைகள்மேல் அவளுக்கிருந்த பாதுகாவல் தானாகவே போய்விடும். கூட்டி, அவளே பாதுகாவலராகத் தொடரலாம் என்று சபை முடிவுசெய்தால், புதுக் கணவனும் இணைப் பாதுகாவலராக வேண்டும். பின்னால் பிரான்சில் அது மாறிவிட்டது.

இதை முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. ஒரு தாய் தன் பிள்ளையைத் தானே வைத்துக்கொள்ளச் சபை கூட்ட வேண்டுமா என்று. அட்டையில் ஒட்டிய அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பிரிவுகளின் கடைசி விதி மட்டும் வேறு மாதிரி படுகிறது. அவளைக் கட்டிக்கொள்கிறவன் பிள்ளைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று அது கேட்டது. மாடிவீட்டுப் பெண் கேட்டதும் அதைத்தான். அவள் கேட்டது சபையிடம் அல்ல, அந்த மனிதரிடமே.

மாற்றாந்தந்தை என்றாலே நம் வயிற்றில் ஒரு பயம் வரும். அந்தப் பயத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. செய்தித்தாளில் படிக்கிறவை பொய்யல்ல. அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவர் பிள்ளையை அழைத்து வந்து எங்கள் வீட்டு கேட்டில் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும், உள்ளே வரக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டாள். வண்டிச் சத்தம் கேட்டதும் நான் வராந்தாவுக்கு வருவேன். பிள்ளையின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இரவில் தூங்க வைக்கும்போது அவள் மகளிடம் வழியில் என்ன பேசினார், எங்கே நிறுத்தினார், என்ன வாங்கிக் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். “எதையும் ரகசியமா வெச்சுக்கோன்னு சொன்னாரா?” என்று கேட்பாள். இந்தக் கேள்வியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டி ஓட்டத்தான் என் முட்டி உதவவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. அவள் அவரை நம்பத் தொடங்கியதில் அதற்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன்.

தேவைக்காகச் செய்துகொள்ளும் கல்யாணம் மட்டமானது என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முதல் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வேலை, வீடு, மாமியார் குணம் எல்லாம் கணக்குப் பார்க்கிறோம். அதைப் பொறுப்பு என்கிறோம். பிள்ளையோடு நிற்கிறவள் நான்கு மணியைக் கணக்குப் பார்த்தால் மட்டும் நம் முகம் சுருங்குகிறது. அவளிடம் நாம் எதிர்பார்ப்பது பெரும் காதல், இல்லையென்றால் பெரும் தியாகம். நடுவில் இருக்கும் சாதாரண வாழ்க்கையை அவளுக்கு விட்டுக்கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் அந்த நான்கு மணியை அவள் தலையில் மட்டும் இறக்கி வைத்தது யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். ஆறு வயதானால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் என்பது கணக்கு. பள்ளிக்கூடம் நான்கு மணிக்கு விடும், ஷிஃப்ட் அதற்குப் பிறகுதான் முடியும் என்பது கணக்கில் இல்லை.

உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவள் என்னைக் கேட்டாள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை ஒட்டிய ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆந்திரப் பெண் ஒருவர், கணவர் இறந்த பின் மறுமணம் செய்துகொண்டவர். புதுக் கணவரின் பெயரை ஆவணங்களில் ‘மாற்றாந்தந்தை’ என்றே குறிப்பிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது ஏறத்தாழக் கொடுமை, பிள்ளையின் மனதைப் பாதிக்கும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவுசெய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றும் சொன்னது. இதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “அவளுக்கே தோணும்போது அவ எழுதட்டும்க்கா” என்றாள். இப்போதைக்கு ‘குடும்ப நண்பர்’ என்று எழுதியிருக்கிறாள்.

தை மாதம் கல்யாணம். அவர் நல்லவர் என்றுதான் எனக்குப் படுகிறது. என் முட்டி நன்றாக இருந்திருந்தால் அவள் இன்னும் காத்திருந்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருப்பாளா, அல்லது இவரையே அவசரமில்லாமல் தேர்ந்தெடுத்திருப்பாளா, யாருமே வேண்டாம் என்று இருந்திருப்பாளா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்றுதான் சொல்கிறாள். என் அத்தை இருந்திருந்தால் அவரிடமும் கேட்டிருப்பேன்.

ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில், விதவை மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் 1975 முதல் உதவித் திட்டம் இருக்கிறது, பணமும் தாலிக்குத் தங்கமும் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கணவனை இழந்தவளுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடுகிறது. புதிதாக வந்தவர் எப்படிப்பட்டவர் என்று அவள் தெரிந்துகொள்ளும் முன்பே, அவள் கையில் தனக்கென்று இருந்த பணத்தை நிறுத்திவிடுகிறோம். அந்த விதியை எடுத்துவிட வேண்டும். பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் வரையாவது அந்தப் பணம் தாயின் கைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும்.