அடுத்தவனுக்கான நிறம்

போர்ஷே 911 வாங்க ஆர்டர் கொடுப்பவர் முன்னால் ஒரு நீளமான பட்டியல் இருக்கும். நிறம், சக்கரம், இருக்கைத் தையலின் நூல்வரை விருப்பம்போலத் தேர்ந்துகொள்ளலாம். அவ்வளவு பணம் இருப்பவர்களிலும் பலர் கேட்பது, "நாளைக்கு வித்தா இது போகுமா?" என்றுதான்.

ஏரலில் சின்னக் கார் வாங்கிய என் வீட்டிலும் அதே கேள்வி. எனக்குப் பச்சை பிடித்திருந்தது. "வெள்ளை எடுல, வித்தாலும் போகும்" என்றார் அப்பா. வெள்ளை எடுத்தோம். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. கார் முழுசாக மூழ்கியது. யாருக்காகப் பொத்திப் பொத்தி வைத்தேனோ, அந்த ஆள் வரவே இல்லை.

அப்படியானால் மறுவிற்பனையை யோசிப்பதே தப்பா? அம்மா கல் வைத்த நகை வாங்கமாட்டாள். விற்கப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வீட்டை நிமிர்த்தியது அவளுடைய வளையல்கள்தான். ஆனால் அதுவரை அவற்றை ஒருநாளும் கழற்றியதில்லை. மாவாட்டும்போதும் கையில்தான் கிடந்தன.

விற்கும் விலையை வாங்குகிற அன்று யோசிக்கலாம். தினமும் யோசித்தால், நம் பொருளுக்கு நாமே காவல்காரன்.

அடுத்த காருக்கும் அப்பா வெள்ளைதான் சொல்கிறார். சரி, வெள்ளையே இருக்கட்டும். சீட் உறையை மட்டும் அன்றைக்கே கிழித்துவிடுவேன்.