புதுக் குழலும் பழைய துவக்கும்

நோர்வே நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியில், மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றிலே நெடுங்காலம் உழைத்து ஓய்ந்தவர் என் தாய்மாமன். தெல்லிப்பழையில் பிறந்து, எண்பதுகளில் ஊரை விட்டுச் சென்றவர். அண்மையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டிய நோர்வே முதியவர் ஒருவர், தம் இறுதிக் காலத்தில், தமது வேட்டைத் துவக்கை மாமனுக்கு உரிய முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தார். மூஸ் என்னும் பெருமானை வேட்டையாடும் றைபிள் அது. பதினைந்து இலையுதிர் காலங்கள் மாமன் அதனைக் கொண்டே வேட்டைக்குப் போய்வந்தார்.

அந்நாட்டில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் ஒரு சூட்டுத் தேர்வில் தேறவேண்டும். 100 மீற்றர் தொலைவில், 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துள் ஐந்து குண்டுகளும் விழவேண்டும். இவ்வாண்டு மாமனின் குண்டுகள் விலகிப் போயின. கண்தான் மங்கியது என எண்ணினார். துவக்குத் திருத்துபவரோ கண்ணில் குறையில்லை, குழல் தேய்ந்துவிட்டது என்றார். புதுக் குழல் பொருத்தலாம், செலவு சிறிதன்று. “நீர் தமிழ் படித்தவர், நியாயம் தெரிந்தவர். குழலை மாற்றினால் அது அந்த மனுஷனின் துவக்காக இருக்குமோ? மாற்றுகிறதோ, விடுகிறதோ? ஒரு சொல் சொல்லும்” என்று மாமன் எழுதியிருந்தார்.

முதலில் சிரித்தேன். பின்னர் அக்கேள்வி என்னை விடவில்லை.

றைபிளின் குழலுக்குள் சுருளாகச் செல்லும் தவாளிப்புகள் உண்டு. அவையே குண்டைச் சுழலச் செய்து நேர்வழியில் செலுத்துகின்றன. ஒவ்வொரு வெடியின்போதும் கொதிக்கும் வாயு பேரமுக்கத்தோடு குழலின் அடிப்பகுதியை அரிக்கிறது. பல்லாயிரம் வெடிகளின் பின் தவாளிப்பு மழுங்கும். குண்டு வழி தவறும். வழி தவறிய குண்டு விலங்கைக் கொல்வதில்லை. குடலைக் கிழித்து, காலை முறித்து, காட்டுக்குள் விரட்டுகிறது. ஆகவே தேய்ந்த குழலோடு வேட்டையைத் தொடர்வது முதலிலேயே விலக்கப்படவேண்டிய வழி. எஞ்சியவை இரண்டு: புதுக் குழல் பொருத்துவது, அல்லது துவக்கைச் சுவரில் மாட்டிவிடுவது.

‘அது அதே துவக்கா?’ என்பது பழைய தத்துவக் கேள்வியின் புது வடிவம். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பேணிய ஏதன்ஸ் மக்கள், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தனர். அது அதே கப்பலா என்று அறிஞர் வாதிட்டதைப் புளூட்டாக் எழுதிவைத்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று 17 ஆம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். நாகசேனரோ மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டு, தேர் என்பது ஒரு வழக்குப் பெயரே என நிறுவினார்.

சட்டங்களும் இதில் ஒன்றுபடவில்லை. அமெரிக்கச் சட்டத்தின்படி தொடரிலக்கம் பொறித்த நடுக்கூடே துவக்கு. குழல் வெறும் உதிரிப்பாகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமோ குழலையும் இன்றியமையாத உறுப்பாக எண்ணுகிறது. ஒரே பொருளில் எந்த உறுப்பு ‘அது’ என்பதைப் பொருள் தானாகச் சொல்வதில்லை. எதற்காகக் கேட்கிறோமோ அதற்கேற்ப மனிதரே சொல்கின்றனர்.

தெல்லிப்பழையாருக்கு இதை விளக்கக் கப்பலும் தேரும் வேண்டியதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் காணிகள் படையினரின் வேலிக்குள் கிடந்தன. பகுதி பகுதியாகவே அவை விடுவிக்கப்பட்டன. எல்லாம் இன்னும் விடுபடவில்லை. நாம் திரும்பியபோது எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தது அத்திவாரமும் கிணறும் மட்டுமே. அந்த அத்திவாரத்தின் மேல் புதுச் சுவர் எழுப்பினோம். அம்மா அதனை இன்றும் ‘பழைய வீடு’ என்றே சொல்லுகிறார். ஒரு செங்கல்லேனும் பழையதன்று. எனினும் அவர் சொல்வது பொய்யன்று. அங்கே மறுபடியும் வாழவேண்டும் என்று நாம் தீர்மானித்தோம். அத் தீர்மானமே இரு வீடுகளையும் ஒன்றாக்கியது. தொடர்ச்சி என்பது பொருளுக்குள் கிடக்கும் குணமன்று. பழுது பார்ப்பவன் தன் கையால் ஆக்குவது அது.

இங்குதான் நியாயக் கேள்வி பிறக்கிறது. வீட்டைத் திருத்துவது வாழ்வதற்கு. துவக்கைத் திருத்துவது எதற்கு?

நம் நாட்டில் துவக்கின் வரலாறு இரு வேறு வரலாறுகள். கொலனிய ஆட்சியில் மேஜர் றோஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. யானையைக் கொல்வோருக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், 3,500 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதியிருக்கிறார். அது ஒரு துவக்கு. வன்னியில் பன்றியிடமிருந்து நெல்லைக் காக்க இரவு முழுதும் காவற்குடிலில் விழித்திருக்கும் உழவனின் இடியன் மற்றொரு துவக்கு. முன்னது வீண்பெருமை, பின்னது வயிற்றுப்பாடு. புலால் உண்ணாமையைப் பெருமையாகப் பேசும் நம்மில் பலர் உண்பதும் அந்த வன்னி நெல்லைத்தான். காவல் வெடியின் ஓசை நம் சோற்றில் கேட்பதில்லை; அவ்வளவே. கண்ணுக்கு மறைவாகக் கொன்று பொதி செய்த இறைச்சியை வாங்குபவனைவிட, தன் உணவைத் தானே தேடிச் சுடும் மாமன் நேர்மையில் குறைந்தவர் என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஆதலால் நான் அவருக்கு எழுதிய பதில் இது: “மாமா, அந்த முதியவர் தராதிருந்தால், இன்று கடையில் இத்தகைய துவக்கு ஒன்றை நீங்களாகவே வாங்குவீர்களா? வாங்குவேன் என்றால் புதுக் குழலைப் பொருத்துங்கள். ஆனால் இனி விழும் விலங்குக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது. ‘அவர் தந்தது’ என்னும் சமாதானம் பழைய குழலோடு கழன்றுவிடும். வாங்கமாட்டேன் என்றால், தேய்ந்த குழலோடு சுவரில் இருக்கட்டும். நினைவைப் பேண அது சுடவேண்டியதில்லை.”

எழுதி முடித்தபோது, அது மாமனுக்கு மட்டும் எழுதிய பதிலாக எனக்குத் தோன்றவில்லை. வழக்கங்களின் குழல்களும் தேய்கின்றன. காலம் அவற்றை அரிக்கிறது, குறி தவறுகிறது. அவ்வேளையில் யாரோ ஒருவர் புதுக் குழல் வாங்கிப் பொருத்துகிறார். காணியும் நகையுமாக இருந்த சீதனம் டொலரும் கொழும்பு வீடுமாகிவிட்டது. கேட்டால், ‘முன்னோர் வழக்கம்’ என்கிறோம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆயினும் 1968 இல், நமக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. கதவை அடைத்தவர்கள் சொன்னதும் ‘வழக்கம்’ என்பதே. இன்று அக்கதவு திறந்திருக்கலாம். கலியாணப் பேச்சில் சாதி விசாரிக்கும் நாவுக்கு இன்னும் புதுக் குழல் பொருத்திக்கொண்டுதான் இருக்கிறோம். தேய்ந்ததைத் தானாகத் தேயவிடாமல் செலவு செய்து புதுப்பிப்பவன் வாரிசு அல்லன். அவனே அதனைச் செய்தவன். பாட்டனின் பெயரால் அவன் தப்பமுடியாது.

மாமனின் மறுமொழி வந்துவிட்டது. குழலை மாற்றத் தீர்மானித்திருக்கிறார். அதற்காக அனுமதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாராம். பதினைந்து ஆண்டுகளாக ‘அந்த மனுஷனின் துவக்கு’ என்றே சொல்லிவந்தவர், பத்திரத்தில் இருப்பது தம்முடைய பெயர் என்பதை அன்றுதான் கருத்தோடு வாசித்ததாக எழுதியிருக்கிறார்.